ஸ்கூல் போற பிள்ளையோட கற்பனை வத்தாம இருக்க: சேலத்துப் பெத்தவங்களுக்குப் படிப்படியா ஒரு வழிகாட்டி

முதல் தடவையா பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கப்போற அம்மா அப்பா எங்கிட்ட வந்து கேக்கறது பெரும்பாலும் இதுதான்: எந்த ஸ்கூல்ல ஹேண்ட்ரைட்டிங் நல்லா வரும், எங்க இங்கிலீஷ் பேச வைப்பாங்க, அபாகஸ் எந்த வயசுல சேர்க்கலாம், ஃபோனிக்ஸ் கிளாஸ் வேணுமா. நான் சேலத்துலயே தொடக்கப்பள்ளி டீச்சர், இந்தக் கேள்வியெல்லாம் கேக்கறதுல தப்பே இல்ல. ஆனா நாலு வயசுல "நிலா ஏன் நம்ம வண்டி கூடவே வருது"ன்னு கேட்ட பிள்ளை அஞ்சாங்கிளாஸ் வர்றப்போ "மிஸ், இது எக்ஸாம்ல வருமா"ன்னு மட்டும் கேக்கற பிள்ளையா மாறிடறதை வருஷா வருஷம் பாக்கறேன், மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. அந்த மாத்தம் வயசு ஆக ஆகத் தானா வர்றதில்ல, வீட்லயும் ஸ்கூல்லயும் பெரியவங்க நாம சேர்ந்து கொண்டுவர்றது, அதனாலதான் அதைத் தடுக்கவும் நம்மால முடியும்னு நம்பறேன்.

அதுக்கு என்ன பண்ணணும்னு எல்கேஜில இருந்து எட்டாவது வரைக்கும் மனசுல வெச்சு வரிசையா எழுதறேன். பெரிய செலவு எதுவும் கிடையாது, ஆனா பொறுமை வேணும், அது செலவை விடக் கஷ்டம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெளிவாகிக்கலாம்

படைப்பாற்றல்னு சொன்னதும் எல்லாருக்கும் டிராயிங் கிளாஸ், டான்ஸ் கிளாஸ், கீபோர்டு கிளாஸ்தான் ஞாபகம் வருது. அதெல்லாம் நல்லதுதான், ஆனா விஷயம் அது இல்ல. ஒரு கேள்விக்கு ஒரே ஒரு பதிலோட நின்னுடாம நாலு பதில் யோசிக்கறது, அந்த நாலுல எது வேலைக்கு ஆகும்னு தானே பாத்து எடுக்கறது, இது ரெண்டும் சேர்ந்ததுதான். கணக்குலயும் இது உண்டு, சமையல்லயும் உண்டு, தறியில ஒரு இழை அறுந்து போனா சட்டுனு ஒரு வழி கண்டுபிடிக்கற நெசவாளர்கிட்டயும் உண்டு.

அமெரிக்காவுல கில்ஃபோர்டுன்னு ஒரு உளவியலாளர் 1950ல இதைப் பத்திப் பேசினதுக்கு அப்புறம்தான் இது பெரிய ஆராய்ச்சியா மாறுச்சு. அவர் வழியில வந்த ஒரு சோதனை ரொம்ப சிம்பிள், ஒரு செங்கல்லை வெச்சு என்னென்ன பண்ணலாம், யோசிச்சு சொல்லு, அவ்வளவுதான். இன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்போ ஒரு சொம்பைக் காட்டி உங்க பிள்ளைகிட்ட இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. தண்ணி குடிக்கலாம், குளிக்கலாம்ல ஆரம்பிச்சு தொப்பி, தாளம் போடறது, மணல்ல வட்டம் போடறது, எறும்புக்கு நீச்சல் குளம்னு போகும். எத்தனாவது பதிலுக்கு அப்புறம் நீங்க "போதும் சாப்புடு"ன்னு சொல்றீங்கன்னும் கவனிச்சுக்கங்க.

இன்னொரு பயத்தையும் இங்கயே போக்கிடறேன். "இதெல்லாம் பண்ணா மார்க் போயிடும்ல"ன்னு கேப்பாங்க. பிசான்னு உலக அளவுல 15 வயசுப் பிள்ளைங்களுக்கு ஒரு தேர்வு நடக்குது, அதுல 2022ல முதல் தடவையா படைப்புச் சிந்தனையையும் சோதிச்சாங்க, ரிசல்ட் 2024ல வந்துச்சு, முதல் இடம் சிங்கப்பூருக்கு. அதே சிங்கப்பூர்தான் அதே 2022 தேர்வுல கணக்குலயும் முதல் இடம். இந்தியா அந்தத் தேர்வுல கலந்துக்கல. நான் சொல்ல வர்றது, ரெண்டும் எதிரெதிர் இல்ல. வாய்ப்பாடு மனப்பாடம் பண்றதை நான் வேண்டாம்னு சொல்லவே மாட்டேன், எட்டாம் வாய்ப்பாடு நாக்கு நுனியில இருக்கற பிள்ளைக்குத்தான் கணக்குல விளையாட்டு காட்டவே முடியும், நிறையக் கதை கேட்ட பிள்ளைக்குத்தான் புதுசா கதை கட்ட வரும். உள்ள சரக்கு இல்லாம கற்பனை மட்டும் தனியா எங்க இருந்து வரும்.

படி 1: அட்மிஷனுக்கு முன்னாடி ஸ்கூல் சுவத்தைப் பாருங்க

ஸ்கூலைச் சுத்திக் காட்டறப்போ ஏசி கிளாஸ், ஸ்மார்ட் போர்டு, வேன், சிசிடிவி எல்லாம் காட்டுவாங்க. நீங்க பிள்ளைங்க வரைஞ்ச படம் ஒட்டியிருக்கற போர்டுகிட்ட போய் நில்லுங்க. முப்பது கிளி இருந்து முப்பதும் ஒரே பச்சை, ஒரே சைஸ், ஒரே பக்கம் திரும்பி உக்காந்திருந்தா அது பிள்ளைங்க வரைஞ்ச படமே இல்ல, மிஸ் வரைஞ்ச படத்துக்கு பிள்ளைங்க கலர் அடிச்சது. ஒண்ணு குண்டா, ஒண்ணு ஊதா கலர்ல, ஒண்ணுக்கு மூணு கால்னு இருந்தா சந்தோஷப்படுங்க, அங்க பிள்ளையை யோசிக்க விடறாங்க.

அப்புறம் ரெண்டாவது, மூணாவது படிக்கற பிள்ளையோட நோட்டு ஒண்ணு பாக்கக் கிடைச்சா பாருங்க. "எனது பள்ளி" கட்டுரை எல்லா நோட்டுலயும் அச்சு அசலா ஒரே அஞ்சு வரியா இருக்கா, இல்ல பிள்ளை தானா எழுதின வாக்கியம், எழுத்துப்பிழையோடவாவது, எங்கயாவது இருக்கா. இந்த ஒண்ணு போதும் அந்த ஸ்கூலைப் புரிஞ்சுக்க.

கேக்க வேண்டிய கேள்வி: டிராயிங், லைப்ரரி, விளையாட்டு பீரியட் வாரத்துக்கு எத்தனை, பரீட்சை நேரத்துல அந்த பீரியடை யாரு எடுத்துக்கறாங்க. டைம்டேபிள்ல எல்லாம் இருக்கும், ஆனா ஜனவரிக்கு அப்புறம் எல்லாம் மேத்ஸ் பீரியடா ஆயிடும். ஒளிவு மறைவு இல்லாம பதில் சொல்ற ஹெச்எம் கிடைச்சா அந்த ஸ்கூலை உங்க லிஸ்ட்ல மேல வெச்சுக்கங்க. அதே மாதிரி ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கறதுக்குப் பிள்ளைக்கு டெஸ்ட், உங்களுக்கு இன்டர்வியூன்னு சொன்னா, 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 13ஆம் பிரிவு அப்படி வடிகட்டிச் சேர்க்கறதைத் தடை பண்ணியிருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. அதே சட்டத்துல 29ஆம் பிரிவு, செயல்பாடு மூலமா, தானே தேடிக் கண்டுபிடிக்கறது மூலமா பிள்ளை கத்துக்கணும், பயமும் பதட்டமும் இல்லாம கத்துக்கணும்னு தெளிவா சொல்லுது. நாம கேக்கறது சலுகை இல்ல, சட்டத்துலயே எழுதியிருக்கறதுதான்.

அரசுப் பள்ளியைப் பாக்காமயே ஒதுக்கிடாதீங்க, இதை நான் அழுத்தியே சொல்றேன். செயல்வழிக் கற்றல் 2003 வாக்குல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு 2007-08ல மாநிலம் முழுக்க வந்துச்சு, பிள்ளைங்க தரையில வட்டமா உக்காந்து அட்டை எடுத்து அவங்கவங்க வேகத்துல படிக்கறது. 2022ல இருந்து எண்ணும் எழுத்தும் வந்திருக்கு, அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளையோட நிலைக்குத் தக்கபடி பிரிச்சு பாட்டு, கதை, பொம்மலாட்டம்னு சொல்லித் தர்றாங்க. ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் வானவில் மன்றம்னு அறிவியல் சோதனைகளை கிளாஸுக்கே கொண்டுவந்து செஞ்சு காட்டறாங்க, கலைத் திருவிழா தனியா நடக்குது. எல்லா ஸ்கூல்லயும் ஒரே தரத்துல நடக்குதுன்னு சொல்லமாட்டேன், டீச்சரைப் பொறுத்துதான் இருக்கு, ஆனா உங்க தெருப் பக்கத்து ஸ்கூல்ல ஒரு நல்ல டீச்சர் இருந்தா லட்ச ரூபா ஃபீஸ் ஸ்கூலை விட அது மேல்.

படி 2: சாயங்காலத்தைத் திருப்பிக் கொடுங்க

நாலரைக்கு வேன்ல இருந்து இறங்கற பிள்ளை அஞ்சு மணிக்கு டியூஷன், ஆறரைக்கு இந்தி, வந்ததும் ஹோம்வொர்க், அப்புறம் சாப்பாடு, தூக்கம். சனி ஞாயிறு அபாகஸ், கராத்தே. இதுல பிள்ளை எப்ப யோசிக்கும் சொல்லுங்க. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காத, டிவியும் போனும் இல்லாத நேரம் வேணும். முதல் வாரம் "போரடிக்குதும்மா"ன்னு பின்னாடியே சுத்தும், நீங்க உடனே ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொடுத்துடாதீங்க, "ஆமா கண்ணு, போரடிக்கும், என்ன பண்ணலாம்னு நீயே பாரு"ன்னு சொல்லிட்டு உங்க வேலையைப் பாருங்க. அந்தப் போரடிக்கறதுக்கு அந்தப் பக்கத்துலதான் விளையாட்டு இருக்கு. இருக்கற கிளாஸ்ல பிள்ளைக்குப் பிடிச்சது ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்ததை நிறுத்துங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளை மூணு கிளாஸ் போகுதேன்னு பதறாதீங்க.

படி 3: வீட்ல ஒரு "சாமான் பெட்டி"

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச படி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

கடையில வாங்கற பொம்மை பெரும்பாலும் ஒரே வேலைதான் செய்யும், பட்டனை அமுக்கினா பாடும், அவ்வளவுதான். சைமன் நிக்கல்சன்னு ஒருத்தர் 1971லயே எழுதினார், அசைக்க, சேர்க்க, பிரிக்க முடியற உதிரிப் பொருள் சுத்தி எவ்வளவு இருக்கோ அவ்வளவு கண்டுபிடிப்பு வரும்னு. அதுக்கு நம்ம ஊரை விட நல்ல ஊர் கிடையாது, ஏன்னா சேலத்துல தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு தொழில் நடக்குது, மிச்சம் மீதி விழுந்துக்கிட்டே இருக்கு.

ஒரு பழைய அட்டைப் பெட்டி எடுங்க. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி வெச்சிருக்கற சொந்தக்காரங்க இருந்தா காலி நூல் கோன், மிச்ச நூல், உபயோகம் முடிஞ்ச ஜக்கார்டு அட்டை கேட்டு வாங்குங்க. தைக்கற கடையில வெட்டுத்துணி, பட்டன். கார்பென்டர்கிட்ட சின்னச் சின்ன மரத்துண்டு, மணல்தாள் போட்டுத் தேச்சுட்டுக் கொடுங்க. மாங்கொட்டை காயவெச்சது, புளியங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டை, பாட்டில் மூடி. ஏற்காட்டுல இருக்கறவங்களுக்குக் கேக்கவே வேண்டாம், சில்வர் ஓக் இலை ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வெள்ளியா இருக்கும், காப்பிக்கொட்டைத் தோல், மிளகுக்கொடித் தண்டு எல்லாம் எஸ்டேட் ஓரத்துலயே கிடைக்கும். பசைக்கு ஃபெவிகால் வாங்கத் தேவையில்ல, மரவள்ளி மாவைத் தண்ணியில கரைச்சுக் காய்ச்சினா கெட்டிப் பசை, ஜவ்வரிசி ஊருக்கு இதை நான் சொல்லித் தரணுமா. காய்ச்சறது மட்டும் பெரியவங்க வேலை. மூணு வயசுக்குக் கீழ தம்பி தங்கச்சி இருந்தா பட்டன், கொட்டை மாதிரி முழுங்கற சைஸ்ல இருக்கறதைத் தனியா மேல எடுத்து வெச்சிடுங்க.

அந்த ஜக்கார்டு அட்டையைப் பத்தி ஒரு வார்த்தை. வரிசையா ஓட்டை போட்ட நீள அட்டை, ஓட்டை இருக்கற இடத்துல ஒரு இழை தூக்கும், இல்லாத இடத்துல தூக்காது, அப்படித்தான் பார்டர்ல மயிலும் மாங்காயும் வருது. 1804ல பிரான்ஸ்ல ஜக்கார்டுன்னு ஒருத்தர் அந்தத் தறியை உருவாக்கினார், பின்னாடி கம்ப்யூட்டருக்கு ஓட்டை அட்டையில தகவல் கொடுத்ததுக்கே இதுதான் முன்னோடி. ஆறேழு வயசுப் பிள்ளைகிட்ட கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்து "இந்த வரிசையில எந்தக் கட்டம் கறுப்பு, எந்தக் கட்டம் வெள்ளைன்னு அக்காவுக்கு வாயால மட்டும் சொல்லு, அவ பாக்காம வரையட்டும்"னு சொல்லுங்க. ஒரு பூ வரையறதுக்குள்ள சிரிச்சு சண்டை போட்டு ஒரு மொழியே கண்டுபிடிச்சிடுவாங்க, அது கோடிங் கிளாஸ்ல சொல்லித் தர்றதோட அடிப்படைதான், பைசா செலவில்லாம.

இன்னொண்ணு, வத்திக்குச்சியும் சைக்கிள் வால்வ் ட்யூபும். அரவிந்த் குப்தான்னு ஒருத்தர், கான்பூர் ஐஐடில படிச்சவர், குப்பையில இருந்து பொம்மை செய்யறதையே வாழ்நாள் வேலையா வெச்சவர், 2018ல பத்மஸ்ரீ வாங்கினவர், அவர் பரப்பினது இது. வால்வ் ட்யூப் சைக்கிள் கடையில மீட்டர் கணக்குல விலை கம்மியாவே கிடைக்கும். ரெண்டு சென்டிமீட்டர் துண்டா வெட்டிக்கங்க, குச்சியோட மருந்தை நீங்களே சுரண்டி எடுத்துட்டுக் கொடுங்க. ட்யூப்போட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி சொருகினா ஒரு மூட்டு. மூணு குச்சி மூணு மூட்டு போட்டா முக்கோணம், நாலு போட்டா சதுரம். இப்போ பிள்ளைகிட்ட ரெண்டையும் கொடுத்து அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க. சதுரம் சாஞ்சு சப்பையா போயிடும், முக்கோணம் என்ன பண்ணாலும் அசையாது. ஏன்னு நீங்க சொல்லாதீங்க. "இந்தச் சதுரத்தை சாயாம நிக்க வைக்க முடியுமா"ன்னு மட்டும் கேட்டுட்டு காத்திருங்க. எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, கணக்குன்னாலே அழற பொண்ணு, ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு குறுக்க ஒரு நீளக்குச்சி கொடுத்து சதுரத்தை ரெண்டு முக்கோணமா மாத்திட்டா, அப்புறம் ஜன்னல் வழியா பாத்துட்டு "மிஸ், அந்த செல்போன் டவர் முழுக்க இதேதான் மிஸ்"னா. அன்னிக்கு அவ முகத்துல இருந்த வெளிச்சத்தை எந்த ரேங்க் கார்டுலயும் நான் பாத்ததில்ல. அரவிந்த் குப்தாவோட வெப்சைட்ல இந்த மாதிரி பொம்மைகளும் புத்தகங்களும் தமிழ்லயும் இலவசமா இருக்கு, தேடி எடுத்துக்கங்க.

படி 4: கேள்வியை மாத்துங்க, கையைக் கட்டிக்கங்க

"ஆறும் நாலும் எவ்வளவு"ன்னு கேட்டா ஒரே பதில். "பத்து வரணும், என்னென்ன பண்ணலாம்"னு கேட்டா முடிவே கிடையாது, ஒண்ணும் ஒம்பதும்ல ஆரம்பிச்சு ரெண்டை அஞ்சால பெருக்கினான்னு போய் நூறுல தொண்ணூறு போனான்னு வரும். கதை சொல்றப்போ பாதியில நிறுத்தி "அப்புறம் நரி என்ன பண்ணியிருக்கும்"னு கேளுங்க, பிள்ளை சொன்ன வழியிலயே கதையைக் கொண்டு போங்க, பாட்டி சொன்ன மாதிரிதான் முடியணும்னு ஒண்ணும் இல்ல. "ஏன்"னு கேக்கற பிள்ளைகிட்ட உடனே கூகுள் பண்ணிச் சொல்லாம "நீ என்ன நினைக்கற"ன்னு முதல்ல கேளுங்க.

ரொம்ப சீக்கிரம் சொல்லிக் கொடுக்கறதுல ஒரு நஷ்டம் இருக்கு. எலிசபெத் போனாவிட்ஸும் அவங்க கூட இருந்தவங்களும் 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு பொம்மையில பல வேலை ஒளிஞ்சிருக்கு, ஒரு குழாயை இழுத்தா கீச்சுனு கத்தும், இன்னொரு இடத்துல லைட் எரியும், ஒரு இடத்துல பாட்டு, ஒரு இடத்துல கண்ணாடி. சில பிள்ளைங்களுக்கு "இதோ பாரு, இந்தப் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும்"னு கீச்சு சத்தத்தை மட்டும் டீச்சர் மாதிரி காட்டினாங்க, அந்தப் பிள்ளைங்க அதையே திருப்பித் திருப்பி பண்ணிட்டு மத்ததைத் தேடறதைக் குறைச்சுட்டாங்க. யாரும் சொல்லித் தராத பிள்ளைங்கதான் அதிகம் கண்டுபிடிச்சாங்க. சொல்லித் தரவே கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, எப்ப சொல்லித் தரணும்னு பாக்கணும். முதல்ல தடவிப் பாக்க விடுங்க, முட்டிக்கிட்டு நிக்கறப்போ ஒரு சின்னக் குறிப்பு கொடுங்க.

படி 5: பாராட்டுல கவனம்

"நல்லா வரைஞ்சா கிண்டர்ஜாய் வாங்கித் தர்றேன்"னு சொல்றது ரொம்ப சகஜம். 1973ல மார்க் லெப்பரும் கூட இருந்தவங்களும் நர்சரி பிள்ளைங்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஏற்கனவே ஆசையா ஸ்கெட்ச் பேனாவால வரையற பிள்ளைங்க. சிலருக்கு மட்டும் வரைஞ்சா சர்டிஃபிகேட்னு முன்னாடியே சொன்னாங்க. கொஞ்ச நாள் கழிச்சு சும்மா பேனாவை வெச்சுப் பாத்தா, பரிசுக்காக வரைஞ்ச பிள்ளைங்க மத்தவங்கள விட ஏறக்குறைய பாதி நேரம்தான் அதுல செலவழிச்சாங்க. எதிர்பாக்காம திடீர்னு சர்டிஃபிகேட் வாங்கின பிள்ளைங்களுக்கு அந்த மாதிரி குறையல. ஆசையா செய்யற வேலைக்கு முன்கூட்டியே விலை பேசினா ஆசை போயிடுது.

அப்போ என்ன சொல்றது? "சூப்பர் செல்லம்"ங்கறதுக்குப் பதிலா பாத்ததைச் சொல்லுங்க, "யானைக்கு ஊதா கலர் கொடுத்திருக்கியே, எப்படித் தோணுச்சு", "இந்தப் பாலத்தை எத்தனை தடவை மறுபடி கட்டினே". யானை கறுப்புதான்னு திருத்த வேண்டாம், அது பிள்ளைக்கும் தெரியும். வரைஞ்சதைத் தேதி போட்டு ஒரு ஃபைல்ல வெச்சுக்கங்க, ஃபேஸ்புக்ல போடறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட கேளுங்க.

படி 6: ப்ராஜெக்ட் யாரோட வேலை

மூணாவது படிக்கற பிள்ளைக்கு "நீர் சுழற்சி மாடல் கொண்டு வா"ன்னு ஸ்கூல்ல சொல்வாங்க, அப்பா ராத்திரி பத்து மணிக்கு தெர்மாகோல் வெட்டிக்கிட்டு இருப்பாரு, இல்லாட்டி ஸ்டேஷனரி கடையில ரெடிமேடா வாங்கிட்டு வந்துடுவாங்க. தயவுசெஞ்சு விட்டுடுங்க. கோணலா இருந்தாலும் பிள்ளை செஞ்சதே போகட்டும். உங்க வேலை கத்திரிக்கோல் பிடிக்கறப்போ பக்கத்துல இருக்கறது, அப்புறம் "மழை எங்க இருந்து வருதுன்னு இதுல எனக்குக் காட்டு"ன்னு கேக்கறது. மார்க் கொஞ்சம் குறையும், பக்கத்து மாடல் பளபளன்னு இருக்கும், முன்கூட்டியே பிள்ளைகிட்ட சொல்லி வெச்சிடுங்க, "அது அவங்க அப்பா செஞ்சது, இது நீ செஞ்சது"ன்னு.

படி 7: டீச்சர்கிட்ட பேசறது

பல பேர் இங்கதான் தடுமாறுவாங்க. ஒண்ணு பயந்து பேசாம இருப்பாங்க, இல்லாட்டி சண்டைக்குப் போயிடுவாங்க. ஒரு உதாரணம் சொல்றேன். 99ஐயும் 46ஐயும் கூட்டணும். புக்ல இருக்கற முறை ஒம்பதும் ஆறும் பதினஞ்சு, அஞ்சு போட்டு ஒண்ணு மேல. பிள்ளை 46ல இருந்து ஒண்ணை எடுத்து 99ஐ நூறாக்கிட்டு, நூறும் நாப்பத்தஞ்சும் நூத்தி நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு, அதுக்கு "முறை தவறு"ன்னு சிவப்பு மை. உங்களுக்குக் கோவம் வரும், வரட்டும், ஆனா பிள்ளை முன்னாடி டீச்சரைத் திட்டிடாதீங்க, அப்புறம் அந்தப் பிள்ளை ரெண்டு பக்கமும் இல்லாம போயிடும்.

தனியா போய்ப் பாத்து, "மேடம், இவ இந்தக் கணக்கை வேற வழியில போட்டிருக்கா, எப்படிப் போட்டேன்னு அவளே சொல்றா, ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்களேன், பரீட்சையில உங்க முறையிலயே போடச் சொல்றேன், ஆனா அவ யோசிச்சதும் சரிதானான்னு நீங்க சொன்னா அவளுக்கு சந்தோஷமா இருக்கும்"னு சொல்லுங்க. டீச்சருங்களுக்கும் போர்ஷன் முடிக்கணும், ஒரு கிளாஸ்ல நாப்பது பிள்ளை, மேல இருந்து ரிசல்ட் கேக்கறாங்க, இது எங்க பக்கத்து நெருக்கடி. மரியாதையா கேட்டா பத்துல எட்டு டீச்சர் கேப்பாங்க. ஆனா அடிக்கறது, எல்லாரு முன்னாடியும் அவமானப்படுத்தறதுன்னு போனா அது வேற விஷயம், முன்னாடி சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தோட 17ஆம் பிரிவு உடம்பால தண்டிக்கறதையும் மனசால கஷ்டப்படுத்தறதையும் தடை பண்ணியிருக்கு, அங்க தயங்காம ஹெச்எம்கிட்ட எழுதிக் கொடுங்க. அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல நாலுல மூணு பங்கு பெத்தவங்கதான் இருக்கணும், பாதிப்பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போங்க, லைப்ரரி அலமாரியைத் திறந்து வையுங்கன்னு கேளுங்க, பூட்டின அலமாரிக்குள்ள புத்தகம் தூங்கறது நம்ம பக்கம் நிறைய ஸ்கூல்ல இருக்கு.

படி 8: ஊரைக் காட்டுங்க

டூர் மாதிரி ஒரே நாள்ல எட்டு இடம் வேண்டாம், ஒரே இடம், ரொம்ப நேரம்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாலி சுக்ரீவன் சண்டை போடற தூண் ஒண்ணு, மறைஞ்சு நிக்கற ராமர் இருக்கற தூண் ஒண்ணு. ராமர்கிட்ட இருந்து பாத்தா வாலி தெரிவார், வாலிகிட்ட இருந்து பாத்தா ராமர் தெரியமாட்டார். இதைக் கதையா சொல்லி முடிச்சிடாம பிள்ளையை ரெண்டு இடத்துலயும் நிக்க வெச்சு, வீட்டுக்கு வந்து தீப்பெட்டியும் கிளாஸும் வெச்சு அதே மாதிரி ஒளிச்சுக் காட்டச் சொல்லுங்க. அந்தச் சிற்பி மண்டையில என்ன ஓடியிருக்கும்னு அப்பத்தான் புரியும்.

ஆடி மாசம் நம்ம சேலத்துக் குகைப் பகுதியில வண்டி வேடிக்கை நடக்கும்ல, சாமி வேஷம் போட்டு வண்டி அலங்காரம் பண்ணி ராத்திரி வர்றது. கூட்டத்துல தோள்ல தூக்கிக் காட்டறதோட விட்டுடாம, முடிஞ்சா சாயங்காலம் அலங்காரம் நடக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அட்டை எப்படிக் கிரீடம் ஆகுது, நாலு கை எங்க கட்டறாங்க, லைட்டுக்கு ஒயர் எப்படி ஓடுதுன்னு பிள்ளை பாக்கணும். மறுநாள் வீட்ல மூணு சக்கர சைக்கிள் தேர் ஆயிடும், போர்வை போனா போகட்டும்.

ஏற்காடு போறப்போ கொண்டை ஊசி வளைவு இருபது, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்கு. பிள்ளை கையில நோட்டு கொடுத்து அஞ்சாவது, பத்தாவது, பதினஞ்சாவது, இருபதாவது வளைவுல என்ன மாறியிருக்குன்னு எழுதவோ வரையவோ சொல்லுங்க, மரம், குளிர், வாசனை, காது அடைக்கறது எதுவா இருந்தாலும். மேல போனதும் ஏரியில போட்டோ எடுக்கற நேரத்துல பாதியை எடுத்து ஒரு காப்பிச் செடிகிட்டயோ, தாவர ஆய்வு மையத்தோட ஆர்க்கிட் தோட்டத்துலயோ உக்கார வெச்சுப் பாருங்க. அடிவாரத்துக்கும் மேலுக்கும் ஏன் மரம் வேற வேறன்னு பிள்ளையே கேக்கும், நீங்க கேக்கத் தேவையே இல்ல.

படி 9: ஆறாவதுக்கு மேல

இந்த வயசுல பிள்ளைக்கு நாலு பேர் முன்னாடி தன் ஐடியாவைச் சொல்ல ஒரு மேடை வேணும். மாவட்ட மைய நூலகத்துலயோ உங்க ஏரியா கிளை நூலகத்துலயோ பிள்ளை பேர்லயே கார்டு எடுங்க, புத்தகத்தை அது பொறுக்கட்டும், காமிக்ஸ் எடுத்தாலும் சரி. துளிர்னு சிறுவர் அறிவியல் மாத இதழ் 1987ல இருந்து வருது, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துல சேர்ந்தவங்க கொண்டு வர்றது, சந்தா கட்டினா வீட்டுக்கே வரும். அடல் டிங்கரிங் லேப், அதாவது பிள்ளைங்க தானா செஞ்சு பாக்க மத்திய அரசு உதவியில வெச்ச லேப், இருக்கற ஸ்கூலா இருந்தா அந்த ரூம் பூட்டியே கிடக்காம பாத்துக்கறது பெத்தவங்க கேள்வியிலதான் இருக்கு.

அப்புறம் மத்திய அரசோட இன்ஸ்பயர் மானக் விருது. ஆறாவதுல இருந்து பிள்ளைங்க ஐடியா அனுப்பலாம், தேர்வான ஐடியாவுக்கு மாதிரி செய்ய 10,000 ரூபா பிள்ளையோட பேர்ல வரும். பிள்ளை நேரா அனுப்ப முடியாது, ஸ்கூல்தான் ஆன்லைன்ல பதியணும், ஒரு ஸ்கூலுக்கு அஞ்சு ஐடியா வரைக்கும். ஸ்கூல் திறந்ததுமே சயின்ஸ் டீச்சர்கிட்ட "நம்ம ஸ்கூல் இதுல பதிஞ்சிருக்கா, ஐடியா எப்ப கேப்பீங்க"ன்னு விசாரிச்சு வெச்சிடுங்க. யூட்யூப்ல பாத்த லேசர் செக்யூரிட்டி அலாரம் வேண்டாம். வீட்ல யாருக்கு என்ன வேலை கஷ்டமா இருக்குன்னு பிள்ளையை ஒரு வாரம் கவனிக்கச் சொல்லுங்க, கொலுசுப் பட்டறையில குனிஞ்சே உக்காந்திருக்கற மாமாவுக்கு கழுத்து வலி, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோல் சீவற அத்தைக்குக் கை வெட்டு, மாடிக்குத் தண்ணி தூக்கற பாட்டி. அதுல ஒண்ணை எடுத்து, என்ன செஞ்சா இது சுலபமாகும்னு மூணு வழி நோட்டுல வரையட்டும், மூணையும் அந்த மாமாகிட்டயோ அத்தைகிட்டயோ காட்டி எது ஆகும் எது ஆகாதுன்னு அவங்க வாயால கேட்டு வரட்டும், அதுக்கு அப்புறம் டீச்சர்கிட்ட கொண்டு போகட்டும்.